பாடி எடுக்கும் நேரம்

"ஆட்டாதே அக்கா" என்றான் தம்பி.

அவள் ஆட்டவில்லை. ஹெலிகாப்டரின் வால் நுனியைத் துணி சுற்றிய இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, எப்போது முடிப்பான் என்று அவனைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஆடியது அவன்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, பிசுபிசுப்பான துணியொன்றால் அந்த மஞ்சள் உடம்பைத் தூசி போகத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு தடவை துடைப்பான், நிறுத்துவான், வாயைத் திறந்து மூச்சு வாங்குவான். மறுபடி துடைப்பான். அவனுடைய கால்கள் இரண்டும் முழங்கால்வரை வீங்கிப்போய், எந்தச் செருப்பிலும் நுழையாமல் வெறும் தரையில் கிடந்தன.

"ஹோட்டல்காரன் நாப்பது படுக்கை விரிப்பு போட்டுட்டுப் போயிருக்கான். பன்னெண்டு மணிக்கு வந்து நிப்பான். நான் இங்க பொம்மைக்கு வாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"பொம்மை இல்ல அக்கா. ஸ்கேல் மாடல்."

"ஆமாமா. பேரை மாத்தினா கழுதை குதிரையாயிடும்."

தம்பி சிரித்தான். சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது.

இரண்டாவது மாடியில் அவர்களுடைய வீடு. கீழே அவளுடைய சலவைக் கடை. வீட்டின் பால்கனியை மூன்று பக்கமும் பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்து, ஒரு பக்கம் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியே தள்ளும்படி செய்து, அதைப் பெயிண்ட் அடிக்கும் அறையாக்கி வைத்திருந்தான். அவன் வந்த பிறகு அந்த வீட்டில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. சலவைக் கடைக்காரி தன் சொந்தத் துணியைக் குளியலறைக் கம்பியில் காயவைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவாள். அவன் எதிரில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

அவனுக்கு ஐம்பத்தேழு வயது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, மாத்திரை எழுதி, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெயிண்ட் வாடையால் வந்ததா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. இருபது வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை நேற்றுப் படித்து வந்த ஒரு பையன் இல்லை என்று சொன்னால் ஆகிவிடுமா.

தம்பி முன்பு லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலை. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்கு எண்ணெய் விடப் போனவன், கதவுகளின் நிறம் பிடிக்கவில்லை என்று, யாரும் கேட்காமல், பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து மூன்று கோட் அடித்தான். ஏழு மாடிக்காரர்களும் நாலு நாள் படியேறினார்கள். ஐந்தாம் நாள் வேலை போனது. "கதவு எப்படி இருந்துச்சு தெரியுமா அக்கா, கண்ணாடி மாதிரி" என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். கல்யாணம் எட்டு மாதம் நிலைத்தது. அந்தப் பெண்ணின் தலை உலர்த்தும் கருவியைப் பெயிண்ட் அடித்த ஒரு பலகையைக் காயவைக்க எடுத்துக் கருக்கிவிட்டான். அவள் போனதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அக்கா இதை மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னாள். இது ஒன்றே போதும் என்பது அவள் எண்ணம்.

அதற்குப் பிறகுதான் இந்த ஹெலிகாப்டர்க் கூட்டம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கூடி, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற ஆண்கள். தலை நரைத்தவர்கள், தொப்பை போட்டவர்கள், வீட்டில் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களுக்குப் பறக்கவிடத் தெரியும், பெயிண்ட் அடிக்கத் தெரியாது. தம்பிக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அங்கே அவனுக்குப் பெயரே பெயிண்டர்தான். ஒவ்வொருவரும் வெள்ளையாக, மொட்டையாக ஒரு ஃபைபர் கூட்டைக் கொண்டுவந்து போடுவார்கள். அதை அவர்கள் பாடி என்பார்கள். அவன் அதிலிருக்கும் ஊசித்துளை எல்லாம் அடைத்து, தேய்த்து, நிஜ ஹெலிகாப்டரின் போட்டோக்களைச் சுவரெல்லாம் ஒட்டி, கோடு கோடாக, ஆணி ஆணியாக அதை நிஜமாக்கித் தருவான். ஆணி என்றால் ஆணி இல்லை. ஊசி மருந்து போடும் சிரிஞ்சில் பசையை எடுத்து ஒவ்வொரு சொட்டாக வைப்பது. இந்த மஞ்சள் பாடியில் மட்டும் ஆயிரத்து நானூறு சொட்டு. எண்ணியதும் அவன்தான். அவள் அதைக் கேட்டபோது, "நல்ல வேளை, உனக்குக் குழந்தை குட்டி இல்ல" என்றாள்.

இந்த மஞ்சள் பல் டாக்டருடையது. அவருக்கு இது எட்டாவது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. முன்பொரு தடவை கடைவாய்ப் பல் வலித்து அவள் அவருடைய கிளினிக்குக்குப் போயிருந்தாள். காத்திருக்கும் அறையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. மேலே பெரிய போட்டோ. டாக்டர் ஒரு நீல ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் முட்டி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வாலைத் தாங்கிப் பிடித்த ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. தம்பியின் கை. கீழே டாக்டரின் பெயரும், அமைப்பும் வண்ணமும் அவரே என்ற வாசகமும்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "பறக்க விடறது அவர்தானே அக்கா" என்றான்.

அன்று அவனைப் பார்த்தபோது அவளுக்குப் பல் வலிகூட மறந்துபோனது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டாதவனை அவள் மன்னிப்பாள். ஏமாற்றுகிறவனுக்காகப் பரிந்து பேசுகிறவனை என்ன செய்வது? ஒரே ஒரு தடவைதான் அவன் டாக்டரைப் பற்றி வேறு மாதிரிச் சொன்னான். இந்த மஞ்சளை ஐந்து தடவை கலக்கி, ஐந்து அட்டையில் அடித்து, ஜன்னலோரம் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது. "அந்த மனுஷனுக்கு மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது அக்கா" என்றான். சொல்லிவிட்டு, பெரிய தப்புச் செய்தவன்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

துடைத்து முடித்தான். கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அளந்து கலக்கினான். இதுதான் கடைசி வேலை. நிறத்துக்குமேல் கண்ணாடிபோல் இரண்டு கோட். முதல் கோட்டை அவனே அடித்தான். அவள் வாயிற்படியில் நின்று பார்த்தாள். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்து நரம்பு துடித்தது. ஸ்ப்ரே கன் பிடித்த கை மட்டும், ஏதோ வேறொருவனுடையதுபோல், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றினான். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

"போதும், வந்து படு" என்றாள்.

"பத்து நிமிஷத்துல ரெண்டாவது கோட் அடிக்கணும்."

"நாளைக்கு அடி."

"கலக்கியாச்சு அக்கா. விட்டா டப்பாவுக்குள்ளயே கல்லாயிடும். கீழ இருக்கறதும் காஞ்சுட்டா மேல இருக்கறது ஒட்டாது."

"ஒட்டாட்டிப் போகட்டும். யார் வீட்டுக் கூரை ஒழுகப் போகுது."

அவன் கன்னை எடுக்கக் கையைத் தூக்கினான். கை மேலே வரவில்லை. பாதியில் நின்று, தானாகக் கீழே இறங்கியது. அதை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ அடிக்கறியா அக்கா?"

"என்ன?"

"கஷ்டம் இல்ல. நீ இஸ்திரி போடற மாதிரிதான். பெட்டியை ஒரே இடத்துல நிறுத்தினா துணி கருகும் இல்ல? இதுல நிறுத்தினா ஒழுகும். அவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டம் விடக்கூடாது. உன் கை நிக்காது. நான் பாத்திருக்கேன்."

இருபது வருஷத்தில் அவன் கீழே கடைக்கு வந்து ஒரு சட்டை மடித்துத் தந்ததில்லை. இவன் எப்போது பார்த்தான்?

"எல்லாம் என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு மாஸ்க்கை வாங்கி மாட்டினாள். அவனை நாற்காலியோடு சேர்த்து வாயிற்படிக்கு உள்ளே இழுத்துப் போட்டாள். பிளாஸ்டிக் திரையை ஒதுக்கிவைத்து அவன் பார்க்கும்படி விட்டாள்.

"ஒரு ஜாண் தூரம். ம். மூக்கிலிருந்து ஆரம்பி. போ, போ. ஒண்ணுமேல ஒண்ணு பாதி ஏறணும். நல்லாருக்கு."

அவள் போனாள். மூக்கு, கதவு, வயிறு. ஈரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் உள்ளே இறங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. அவளுக்கு அது பிடித்ததா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. கை போய்க்கொண்டிருந்தது.

"நடுவுல மட்டும் நிறுத்தாதே. நிறுத்தினா கோடு விழும்."

"வாயை மூடிக்கிட்டு உக்காரு. மூச்சு விடவே உனக்கு வழியில்ல."

வாலின் இடது பக்கம் வந்தது. நீளமான பக்கம். பாதி தாண்டியபோது, அவன் கொஞ்ச நேரமாக எதுவும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மாஸ்க்குக்குள் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"சரியா இருக்கா?"

பதில் இல்லை.

"டேய். உன்னைத்தான். சரியா வருதான்னு கேக்கறேன்."

திரும்பிப் பார்த்தாள். தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. இடது கை தொடைமேல் மல்லாந்து கிடந்தது. அவன் தூங்கும்போது வாய் திறந்திருக்கும். இப்போது மூடியிருந்தது. அப்பா போனபோதும் அம்மா போனபோதும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விரல் கன்னின் விசையைவிட்டு எடுபடவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தாள். ஒரே இடத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வால் நெடுக ஓடும் நீலக் கோட்டுக்குக் கீழே கிளியர் திரண்டு, கனத்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒழுகி நின்றது.

அவள் விசையை விட்டாள். வலது பக்கம் இன்னும் அடிக்கவில்லை. டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மறுபக்கம் போய், வாலின் வலது பக்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அடித்தாள். கை நிற்கவில்லை. பாதி மேல் பாதி ஏறி ஏறிப் போய்ச் சேர்ந்தது. அடித்து முடித்ததும் கன்னிலிருந்த மிச்சத்தைக் கொட்டி, தின்னர் ஊற்றிக் கழுவினாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. உள்ளே காய்ந்துவிட்டால் கன் அவ்வளவுதான் என்று அவன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். பிறகு மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு டேப்பைப் பிய்த்து எடுத்தாள். கண்கள் கொஞ்சம் திறந்திருந்தன. மூடினாள்.

அப்புறம்தான் தங்கைக்குப் போன் செய்தாள்.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார். "பதினொண்ணு இருபது" என்றாள். எழுதிக்கொண்டார். அவள் சொன்ன நேரத்தில் கால் மணி நேரம் கூட இருந்தது, வாலை அடித்துக் கன்னைக் கழுவிய நேரம். அதைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஹோட்டல்காரன் வந்து, விஷயம் கேள்விப்பட்டு, கசங்கிய விரிப்புகளைத் திரும்ப மூட்டை கட்டி எடுத்துப் போனான்.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்தபோது இந்த மாடிப்படி தெரியாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கூடத்தில் கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தது. தங்கை கால்மாட்டில் உட்கார்ந்து, "என் அண்ணனை மாதிரி உண்டா" என்று அழுதுகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவனை எட்டிப் பார்க்காதவள். போனில் பேசினால் பெயிண்ட் வாடை வருகிறது என்று சொன்னவள். அக்கா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கலைஞன் என்றார் ஒருவர். குழந்தை மனசு என்றார் இன்னொருவர். செத்துவிட்டால் உதவாக்கரை என்பதற்குத்தான் எத்தனை பெயர்.

தங்கையின் கணவர் பொறுப்பாக ஓடியாடினார். ஓடுவதற்கு வேலை இல்லாதபோதும் ஓடினார். ஒரு மணி சுமாருக்கு அலமாரியிலிருந்த தம்பியின் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"ஹலோ, ஆமா சார், அவர் வீடுதான். பாடியா? இருக்கு சார். மூணு மணிக்கு எடுக்கறோம். இங்கதான், கூடத்துல வெச்சிருக்கோம். இல்ல சார், நீங்க எதுக்கு? வண்டிக்குச் சொல்லியாச்சு. என்னது?" அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "யாரோ டாக்டராம். மூணு மணி லேட்டு, முன்னாடியே வந்து தானே பாடியை எடுத்துக்கறேங்கறார். மச்சான் உடல் தானம் ஏதாவது எழுதிக் குடுத்திருந்தாரா?"

அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"டாக்டர், அவன் போயிட்டான்."

"எப்ப?" என்றார் பல் டாக்டர்.

"நேத்து."

"அடப்பாவமே. எனக்கு யாருமே சொல்லலையே." பிறகு, "அப்ப, முடிச்சிட்டாரா?"

"எதை?"

"இல்ல, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"முடிச்சாச்சு. வாங்க" என்று போனை வைத்தாள்.

அவர் இரண்டு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து. கட்டிலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். ஊசி போட்டு மரத்துப்போகிறதா என்று காத்திருக்கிற நேரம்கூட இல்லை. அவருடைய கண் அதற்குள் ஒரு தடவை பால்கனிப் பக்கம் போய்வந்ததை அவள் பார்த்தாள். சரி, வந்த வேலையை முடிக்கட்டும் என்று எழுந்து திரையை ஒதுக்கினாள்.

மத்தியான வெளிச்சத்தில் அது நின்றுகொண்டிருந்தது. டாக்டர் குனிந்து கிட்டே போனார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுபோலவே மூக்கிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். வாலின் இடது பக்கத்தில் டார்ச் நின்றது.

"அடடா" என்றார்.

விரலால் தடவினார். சுண்டுவிரல் நீளம் ஒழுகல். நீலக் கோட்டுக்கு நேர் கீழே, உறைந்துபோய்.

"கை நடுங்கியிருக்கு, பாவம். கடைசி நேரத்துல அவரால முடியல. நான்தான் யோசிச்சு வேற ஆள்கிட்டக் குடுத்திருக்கணும். போகட்டும், ஜட்ஜ் வரும்போது இந்தப் பக்கம் தெரியாம நிறுத்திக்கலாம்."

அக்கா தம்பியைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறாள். கிறுக்கன், தண்டச்சோறு, வயசுக்கு வந்த குழந்தை, வீட்டில் முளைத்த காளான் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருஷத்தில் அவள் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று இப்போது தேடிப் பார்த்தாள். உண்டு. கை நடுங்குகிறது என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை.

"அது அவன் கை இல்ல" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டாவது கோட் நான் அடிச்சேன். ஒழுக விட்டது நான்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அறுபத்துமூன்று வயசு, சலவைக் கடை, வெந்நீர்ப்பட்ட விரல்கள். அவர் முகத்தில் மெதுவாக ஒரு கனிவு வந்தது. நோயாளிகளிடம் வலிக்காது என்று சொல்லும்போது வருகிற கனிவு.

"புரியுதுக்கா. கூடப் பொறந்த பாசம். செத்த பிறகும் அவரை விட்டுக் குடுக்க மாட்டேங்கறீங்க."

பின்னால் வந்து நின்ற தங்கை மூக்கை உறிஞ்சினாள். "அக்காவுக்கு அண்ணன்னா உயிரு டாக்டர்."

பிறந்ததிலிருந்து அக்காமேல் யாரும் இப்படி ஒரு குற்றம் சாட்டியதில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. தம்பியின் ஸ்டூலை இழுத்து வாலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவனுடைய டப்பாவைத் திறந்து பிளேடு, டேப், ரப்பர் கட்டை, உப்புத்தாள் எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"குறையோட எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க. அந்தக் கிண்ணத்துல தண்ணி பிடிச்சுட்டு வாங்க. ரெண்டு சொட்டு சோப்பு விடுங்க."

டாக்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை தன் கணவரைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. டாக்டரே போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்.

ஒழுகலுக்கு இருபுறமும் டேப் ஒட்டினாள். பிளேடைப் படுக்கவைத்து, ஒழுகலின் முதுகை மட்டும் சீவினாள். கிளியர் மெல்லிய சுருளாக உரிந்து வந்தது. பிறகு தாளைக் கட்டையில் சுற்றி, நனைத்து, தேய்க்க ஆரம்பித்தாள். அவனிடம் அவள் எதையும் கற்றுக்கொண்டதில்லை. திட்டுவதற்காகப் பக்கத்தில் நின்றபோது கண் பார்த்துவைத்தது அவ்வளவுதான்.

"ஊத்துங்க" என்றாள். டாக்டர் ஊற்றினார். "இவ்வளவு வேண்டாம். சொட்டுச் சொட்டா." அவருடைய கிளினிக்கில் இதை வேறொரு பெண் செய்வாள். வெள்ளைச் சட்டையின் கை ஓரம் பால்போன்ற சேற்றில் நனைந்தது.

கூடத்தில் பேச்சு அடங்கி, பிறகு வேறு மாதிரி எழும்பியது. அதிர்ச்சியில் ஒருவருக்குப் புத்தி இப்படி ஆவதுண்டு என்று யாரோ சொன்னார்கள். தங்கையின் கணவர் வந்தார்.

"வண்டி வந்துடுச்சு."

"நிக்கட்டும்."

"அவங்க அடுத்த இடத்துக்குப் போகணுமாம். மணி மூணு ஆகுது."

"மாப்பிள்ளை, லிஃப்டை நாலு நாள் நிறுத்தி வெச்சவன் அவன். வண்டி அரை மணி நின்னா ஒண்ணும் ஆகாது."

அவர் போய்விட்டார். அவள் தாளை மாற்றினாள். அதைவிட மெல்லிய தாள், அப்புறம் அதைவிட மெல்லியது. இவ்வளவு பக்கத்தில் அந்த மஞ்சளை அவள் பார்த்ததில்லை. நீலக் கோடு அதில் வந்து சேரும் ஓரம், கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கோட்டுக்கு மேலே பசைச் சொட்டுகள் வரிசையாகப் போயின. ஒன்றுகூடப் பெரிதில்லை, ஒன்றுகூடச் சிறிதில்லை. பறக்கும்போது இவற்றை யார் பார்க்கப் போகிறார்கள்? மடையன். காக்காய்கூடப் பார்க்காது. ஆயிரத்து நானூறு. மடையன்.

"இந்த மஞ்சளை அஞ்சு தடவை கலக்கினான். தெரியுமா உங்களுக்கு?" என்றாள், தலை நிமிராமல்.

"அப்படியா? நல்லாத்தான் இருக்கு. மஞ்சள்."

அவள் டேப்பைப் பிய்த்தாள். தேய்த்த இடம் மட்டும் பார்வை மங்கிய கண்போல் வெளிறித் தெரிந்தது. பாலிஷை விரல் நுனியில் எடுத்து வைத்து, பழைய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தாள். கை நிற்கவில்லை. வெளிறல் மெல்ல விலகியது. முதலில் மஞ்சள் வந்தது. அப்புறம் மேலே ஜன்னல் வந்தது. அப்புறம் குனிந்திருந்த அவள் முகமும்.

துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன.

டாக்டர் டார்ச்சை எடுத்து அந்தப் பக்கம் முழுக்க அடித்துப் பார்த்தார். மேலிருந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார். கையால் தடவினார். எந்த இடம் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. டார்ச்சை அணைத்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"அப்ப, நிஜமாவே நீங்கதானா..."

"வண்டி நிக்குது டாக்டர்" என்றாள்.

அவள் அலமாரியிலிருந்து துவைத்து மடித்த ஒரு பழைய விரிப்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் ஹெலிகாப்டரின் வயிற்றுப் பாகத்தை அதில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கட்டிலைத் தாண்டும்போது அவர் நின்றார். வந்தபோது நின்றதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் நின்றார். பிறகு வாசலைத் தாண்டிப் படி இறங்க ஆரம்பித்தார்.

அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று தங்கையின் கணவரும் வண்டியோடு வந்த மூன்று பேரும் தூக்கிவிட்டார்கள். தங்கை ஓவென்று அழுதாள். படி குறுகல். ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடியாது. டாக்டர் ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். பின்னால் வந்தவர்களும் அவர் வேகத்துக்கே வர வேண்டியிருந்தது. முதல் திருப்பத்தில் வால் சுவரை உரசப் பார்த்தது. டாக்டர் நின்றார். எல்லோரும் நின்றார்கள்.

அக்கா மேல்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"மெதுவாப் போங்க" என்றாள். "இடிக்காமப் பாத்துக்கங்க."

கீழிருந்து எல்லா முகங்களும் ஒருதரம் நிமிர்ந்தன. பிறகு டாக்டர் பக்கவாட்டில் திரும்பி, வாலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். திருப்பத்து ஜன்னலில் மாலை வெயில் வந்திருந்தது. வால் அதைக் கடந்து போனது. வெள்ளைத் துணி அதைக் கடந்து போனது. அவள் ஒரு கையால் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.